படகில் ஒரு துளை: பராமரிப்பின் பொருளாதாரம்

ஒரு நாட்டின் மூலதனம் புதிய சொத்துகளைப் படைப்பதால் மட்டும் பெருகுவதில்லை. உள்ள சொத்துகளைப் பழுதின்றிப் பேணுவதாலும் பெருகுகிறது. பொருளியல் மாணவர் நன்கறிந்த இவ்வுண்மை, நடைமுறையில் எளிதில் மறக்கப்படுகிறது. இதனை விளக்க, மீன்பிடி படகொன்றிலுள்ள நான்கு சென்டிமீட்டர் துளையை எடுத்துக்கொள்வோம்.

ஆந்திரக் கடற்கரையில் மரத் தெப்பங்களின் இடத்தையும், கேரளத்தில் மரப் படகுகள் பலவற்றின் இடத்தையும் கண்ணாடியிழைப் படகுகள் பெற்றுள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் இத்தகைய படகுகளைப் பெருமளவில் வழங்கின. உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினை அகற்றி வெளிப்பொருத்து எஞ்சினுக்கு மாறும்போது, குளிர்நீர் உட்புகுந்த துளை பயனற்று எஞ்சுகிறது. மரக்கட்டையாலோ மக்காலோ அதனை அடைத்துவிட்டுப் படகைக் கடலில் இறக்குவோர் உண்டு. மரம் நனைந்தால் விரியும்; உலர்ந்தால் சுருங்கும். அலையின் அதிர்வில் அடைப்பு கழன்றால், கரைக்குத் தொலைவில் இருப்போரின் உயிருக்கே ஆபத்து.

அடைப்பு ஏன் போதாது?

படகுச் சுவரின் தடிப்பு 6 மி.மீ. எனக் கொள்வோம். 40 மி.மீ. விட்டமுள்ள துளையில் அடைப்பு பற்றிக்கொள்ளக் கிடைக்கும் விளிம்புப் பரப்பு ஏறத்தாழ 7.5 சதுர செ.மீ. மட்டுமே. மாறாக, தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்திற்கு, அதாவது சுற்றிலும் 72 மி.மீ. தூரம், சுவரைச் சரிவாகத் தேய்த்தால் ஏறத்தாழ 253 சதுர செ.மீ. பரப்பு கிடைக்கிறது. பிணைப்புப் பரப்பு முப்பது மடங்கிற்கும் மேலாகிறது. பழுதுபார்ப்பின் வலிமை இச்சரிவிலேயே உள்ளது.

செய்முறை

முதலில் உப்பு போக நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் துடைத்தபின், வெளிப்புறத்திலிருந்து சரிவு தேய்க்கப்படும். உட்புறம் பாலிதீன் தாள் போர்த்திய பலகையைத் தற்காலிகமாகத் தாங்கலாக வைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைப் பாய் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பைத் தரும்; ஆகவே ஆறு பாய்கள் தேவை. சரிவிற்கேற்ப ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டிய பாய்களைப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்து அடுக்கி, காற்றுக்குமிழிகளை உருளையால் வெளியேற்ற வேண்டும். ஒரே முறையில் அனைத்தையும் இட்டால் வெப்பம் மிகும். இரு தவணைகளாக இடுதல் நன்று. இறுகியபின் தேய்த்துச் சமன்செய்து, மேற்பூச்சிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பிசினை இறுகச் செய்யும் பெராக்சைடு வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கலாகாது, வெடிக்கக்கூடும். முடுக்கியைப் பிசினில் முழுமையாகக் கலந்த பின்னரே வினையூக்கியைச் சேர்க்க வேண்டும். கிலோவிற்கு 10 முதல் 20 கிராம் வினையூக்கி போதும். வெயில் மிகுந்த நாளில் குறைந்த அளவே தக்கது. கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும்.

திட்டமிடுவோர் கருதத்தக்கது

இப்பணிக்குத் தேவைப்படுவது சிறிதளவு பிசினும் பாயும், பயிற்சி பெற்ற இரு கைகளும், ஓரிரு நாள் உழைப்புமே. படகின் விலையோடு ஒப்பிட இச்செலவு மிகச் சிறிது. ஆயினும், படகு வாங்க மானியமும் கடனும் தேடும் நாம், அதனைப் பேணும் திறனுக்கு அதே கவனத்தை அளிப்பதில்லை. வழங்கப்பட்ட படகுகளின் எண்ணிக்கையே சாதனையாகக் கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவற்றுள் எத்தனை கடலுக்குச் செல்கின்றன என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது.

ஒவ்வொரு பெரிய மீன்பிடி ஊரிலும் இளைஞர் சிலருக்கு இப்பயிற்சி அளித்து, பழுதுபார்ப்புக்கெனச் சிறு கடன் வழங்கினால், பொதுப்பணத்தில் உருவான சொத்தின் ஆயுள் நீளும். கடலுக்குச் சென்றவர் பத்திரமாகக் கரை சேர்வதும் உறுதிப்படும்.