உங்கள் வீட்டுப் புகையை எக்ஸெல்லில் கணக்கிடுங்கள்

வீட்டு வரவு செலவை எக்ஸெல்லில் போடப் பழகியிருப்பீர்கள். அதே முறையில், நம் வீடு காற்றில் சேர்க்கும் கார்பன் டை ஆக்ஸைடையும் கணக்கிடலாம். 2041-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்ட எங்கள் ராஜபாளையத்துக்குத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். நம் வீட்டின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?

சூத்திரம் எளிது. பயன்படுத்திய அளவை உமிழ்வுக் காரணியால் பெருக்க வேண்டும். நாடுகளின் கணக்குக்கு ஐ.பி.சி.சி. வகுத்த அடிப்படை முறையும் இதுவே.

முதல் வரிசையில் பொருள், அளவு, காரணி, கிலோ என்று தலைப்பிடுங்கள். மின் கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், எல்லாவற்றையும் இரு மாத அளவில் எடுப்போம். என் வீட்டுக் கணக்கு இதோ:

2-ஆம் வரிசை: மின்சாரம், 180 யூனிட், காரணி 0.716 (மத்திய மின்சார ஆணையத்தின் 2022-23 சராசரி).

3-ஆம் வரிசை: ஒரு கேஸ் சிலிண்டர், 14.2 கிலோ, காரணி சுமார் 3.

4-ஆம் வரிசை: பெட்ரோல், 24 லிட்டர், காரணி சுமார் 2.3. வேலைக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டூவீலரில் தினமும் 24 கி.மீ. போய் வருகிறேன். 50 நாளில் 1,200 கி.மீ.; லிட்டருக்கு 50 கி.மீ. கிடைக்கிறது.

இப்போது டி2 செல்லில் சமக்குறியிட்டு, பி2*சி2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) 128.88 வரும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி4 வரை இழுத்தால் 42.6, 55.2 தாமாகவே வந்துவிடும். டி5-இல் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனைக் க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். மொத்தம் 226.68 கிலோ. ஆறால் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 1,360 கிலோ. நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு 340 கிலோ.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழகத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 95 யூனிட் ஓடிய வீட்டில் கட்டணம் பூஜ்ஜியம். ஆனால் உமிழ்வு 68 கிலோ! எனவே ரூபாயை அல்ல, யூனிட்டையே டைப் செய்யுங்கள்.

இந்தத் தாளில் அடங்காதவையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் தரும் மாடு வெளியிடும் மீத்தேன், பஸ் பயணம், வாங்கும் துணிமணி ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரும் கணக்கில் உண்டு. 100 வாட் கம்ப்யூட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 30 யூனிட். அதாவது 21 கிலோவுக்கும் மேல். தேவையில்லாதபோது ஷட் டவுன் செய்துவிட்டு, அடுத்த பில் வந்ததும் பி2-வை மட்டும் மாற்றிப் பாருங்கள். மற்றதை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும்.