நீண்ட நாள் நின்ற மோட்டார் சைக்கிளை மீண்டும் இயக்குதல்

2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ இடம்பெயர்ந்தபோது நீங்கள் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிள் இன்னும் வளவில் நிற்கலாம். ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் போக அது உடனே தேவைப்படும். ஆனாலும் கண்டவுடன் கிக்கரை உதைக்க வேண்டாம்.

முதலில் வண்டி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். வளவு இன்னும் சோதிக்கப்படவில்லை என்றாலோ, வண்டி பற்றைக்குள் கிடந்தாலோ, அருகில் அறியாத கம்பி அல்லது பொருள் தெரிந்தாலோ அதைத் தொடவோ இழுக்கவோ கூடாது. வந்த அடித்தடத்திலேயே திரும்பிச் சென்று கிராம உத்தியோகத்தருக்கு அல்லது பொலிசாருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளை விட்டு எடுப்பிக்க வேண்டாம்.

அடுத்தது வெள்ளம். சுவரில் உள்ள வெள்ளக் கறை என்ஜினுக்கு மேலே இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலும் அதே பொருள்தான். அந்த ஒயிலை முழுதாக வடித்துப் புதியதை விடும்வரை என்ஜினைச் சுற்றக் கூடாது. சைலன்சர் வாயிலும் எயார் பில்டரிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலியும் குடியிருக்கும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் வேறு எதைத் திருத்தினாலும் வண்டி எழும்பாது.

கிக்கர் இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மேல் கியரில் போட்டுப் பின் சில்லை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு பெற்றோலில் இருக்கும். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் மணம் மாறிப் பசையாகி, காபரேற்றரின் சிறு துவாரங்களை அடைத்துவிடும். தாங்கியையும் காபரேற்றரின் அடிக் கிண்ணத்தையும் வெளியிடத்தில் வைத்து வடியுங்கள். அருகில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. ஜெற்றைக் கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். கழுவி ஊதினால் போதும். வடித்த பெற்றோலைக் கிணற்றருகில் ஊற்ற வேண்டாம். மிக முக்கியமாக, அதை மண்ணெண்ணெய் விளக்கிலோ அடுப்பிலோ விடவே கூடாது. வீடு எரிந்துபோகும்.

புதுப் பெற்றோல் விட்டும் எழும்பாவிட்டால் மின்பொறியைப் பாருங்கள். சிந்திய பெற்றோலை முதலில் துடைத்து உலரவிடுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் மாட்டி, பிளக் துவாரத்திலிருந்து விலக்கி, அதன் இரும்புப் பகுதி என்ஜினில் படும்படி வைத்துக் கிக் செய்யுங்கள். நீல நிறப் பொறி வந்தால் நல்லது. வராவிட்டால் பிளக்கைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். உப்புக் காற்றில் வயர் முனைகள் பச்சை பிடித்திருக்கும். சுரண்டி இறுக்குங்கள், பியூசையும் பாருங்கள். பற்றரி செத்திருந்தாலும் பல சிறிய வண்டிகள் கிக்கில் எழும்பும். ஆனால் சில வண்டிகளுக்குப் பற்றரி இல்லாமல் பொறியே வராது. புதுப் பற்றரி வாங்கும் முன் உங்களுடையது எந்த வகை என்று கராஜில் கேளுங்கள். வீண் செலவு மிஞ்சும்.

என்ஜின் எழும்பியவுடன் ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம். துருப்பிடித்த பிரேக் கேபிளும் வெடித்த ரயரும் பாதையில் ஏறி இறங்கும் சரிவில்தான் கைவிடும். முதலில் வளவுக்குள் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். வாகனப் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வைத்திருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கலாம். காப்புறுதிப் பத்திரத்தையும் கொண்டு செல்லுங்கள்.