கூலிங் குழந்தையின் தண்ணீர்க் கணக்கு

பச்சிளங்குழந்தை ஐசியுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸா? கூலிங் படுக்கை சீக்கிரமே உங்கள் பொறுப்புக்கு வரும். பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 6 மணி நேரத்துக்குள் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் அதே அளவில் வைத்திருக்கும் சிகிச்சை இது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. ஆகவே கூலிங் என்று டாக்டர் முடிவெடுத்துவிட்டால், மற்ற கவனிப்பில் ஓட்டை இருக்கக் கூடாது. எல்லார் கண்ணும் வெப்பநிலை மேல் இருக்கும்போது, உங்கள் கண் டிரிப் மேல் இருக்கட்டும்.

மூளையோடு சிறுநீரகமும் அடிபட்டிருக்கும். அதனால் முதல் நாள் பல யூனிட்டுகளில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லிதான் தருவார்கள். 3 கிலோ குழந்தைக்கு 60 வீதம் என்றால் மணிக்கு 7.5 மில்லி. டெக்ஸ்ட்ரோஸ் 10 சதவீதமானால், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 4.2 மில்லிகிராம் குளுக்கோஸ் போகும். 40 ஆகக் குறைத்தால் அது 2.8தான். தண்ணீரைக் குறைத்த கையோடு சர்க்கரையையும் குறைத்துவிட்டோம். அந்த மூளை இதைத் தாங்காது. செறிவைக் கூட்டலாமா என்று உடனே டாக்டரிடம் கேளுங்கள், 12.5 சதவீதத்தைத் தாண்டினால் கை நரம்பில் ஏற்றக் கூடாது, தொப்புள் சிரைக் குழாய் வேண்டும்.

அடுத்து, யாரும் எழுதாத தண்ணீர். ஃபிட்ஸ் மருந்து, ஆன்டிபயாடிக், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு ஃப்ளஷ். நாளுக்கு 15 மில்லி சேர்ந்தால், அதே 3 கிலோ குழந்தைக்கு 40 வீதம் வரும் 120 மில்லியில் அது எட்டில் ஒரு பங்கு. சார்ட்டில் ஏற்றுங்கள். டயப்பரை எடை போடுங்கள்; கூடிய ஒரு கிராம், ஒரு மில்லி சிறுநீர். மணிக்குக் கிலோவுக்கு 1 மில்லிக்குக் கீழே போனால், நடு ராத்திரியானாலும் டாக்டரை எழுப்புங்கள்.

சோடியம் 128 என்று ரிப்போர்ட் வந்தால் உப்பு ஏற்றத்தான் தோன்றும். முதலில் குழந்தையின் எடையைப் பாருங்கள். எடை ஏறியிருந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் கூடியிருக்கிறது. ஃபிட்ஸ் விடாமல் வந்தால் சர்க்கரை, சோடியத்தோடு கால்சியம், மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொட்டாசியத்தில்தான் நான் அதிகம் பயப்படுவேன். குளிரில் அது செல்லுக்குள் ஒதுங்கும், ரத்தத்தில் குறைந்து தெரியும். அதை நம்பித் தாராளமாகச் சேர்த்தால், சூடேற்றும்போது உள்ளே போனது வெளியே வரும். சிறுநீர் சரியாகப் போகாத குழந்தையால் அதை வெளியேற்ற முடியாது. மணிக்கு 0.5 டிகிரி வீதம் 36.5ஐத் தொட 6 மணி நேரம் ஆகும். தொடங்கும் முன்பே ஒரு ரத்த மாதிரி அனுப்புங்கள். அந்த 6 மணி நேரமும் மானிட்டரை விட்டு நகராதீர்கள்.