மரபணுப் பரிசோதனைக்குச் சம்மதிக்குமுன்

நோர்வூட்டிலிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறீர்களா? டொக்டர் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசினால், "முடிவு தெரிந்தால் என் சிகிச்சை மாறுமா?" என்று முதலில் கேளுங்கள். சூலகப் புற்றுநோயில் சில மருந்துகளைத் தெரிவுசெய்ய இந்த முடிவு உதவும்.

புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்: குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது? அப்பா வழியை விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் ஆண்கள் வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 வீத வாய்ப்பு. ஆனாலும் பயப்பட வேண்டாம், புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதம் வரைதான் பரம்பரையானவை.

'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று அறிக்கை வந்தால், அதை மட்டும் நம்பிச் சத்திரசிகிச்சைக்கு ஓடாதீர்கள். பரிசோதனையின் செலவையும் முன்பே கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. அங்கே ஆலோசனைக்கு அனுப்ப முடியுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். விளங்காத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.