மோட்டார் சைக்கிளில் ஒயில் கசிந்தால்

வன்னியின் கிரவல் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் செம்புழுதி கறுத்துப் பிசுபிசுவென ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் ஒயில் கசிவின் அடையாளம். சிறு கசிவை வீட்டிலேயே நிறுத்தலாம்.

● இடம் அறிதல்: நன்கு ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, முழுதும் காய்ந்தபின் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். ஒயில் கீழே வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே முதலில் நனையும் மேலிடமே கசிவின் மூலம்.

● அடி நட்: ஒயில் இறக்கும் நட்டின் வோஷர் நசுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். எஞ்சின் உடல் அலுமினியம். மிகையாக இறுக்கினால் புரி அழிந்துவிடும்.

● டப்பட் மூடி: இறுகி வெடித்த ரப்பர் வளையத்தை அகற்றி, புதியதில் சிறிது ஒயில் தடவிப் பொருத்தலாம்.

● கிளச் மூடி: ஒயிலை இறக்கியபின் மூடியைக் கழற்றி, பழைய காஸ்கெட்டைக் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். புதியதை வைத்து மூடியபின், போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குவது முறை. காஸ்கெட்டில் பூசும் பசை கூடினால் உள்ளே உதிர்ந்து ஒயில் வழியை அடைக்கும்.

● அளவு: வண்டியை நேராக நிறுத்திப் பார்க்கையில் ஒயில், மட்டம் காட்டும் இரு குறிகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். கூடினாலும் கசியும்.

● கழிவு ஒயில்: கிணற்றடியிலோ குளத்து வாய்க்காலிலோ ஊற்றாமல், கானில் சேர்த்துக் கராஜில் கொடுக்கலாம்.

● நீலப் புகை: ஒயில் உள்ளே எரிகிறது, அது மெக்கானிக்கின் வேலை.