பூட்டு முன்னாலா, பின்னாலா?
(டிஃபரன்ஷியல் லாக் பற்றி ஒரு பார்வை)

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



இந்த வருஷம் நம் கேண்டீனில் நடந்த பெரிய சண்டை கிரிக்கெட் பற்றியது அல்ல, சினிமா பற்றியதும் அல்ல. "ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு ஒரே ஒரு டிஃபரன்ஷியல் லாக் போடத்தான் காசு இருக்கு என்றால், முன் ஆக்சிலில் போடுவதா, பின் ஆக்சிலில் போடுவதா?" என்பதுதான் அது. பாதிப் பேர் முன்னே என்றார்கள், பாதிப் பேர் பின்னே என்றார்கள். டீ ஆறிப் போனதுதான் மிச்சம்! ஆகவே வகுப்பில் படித்ததையும், எங்கள் வீட்டில் பட்டதையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

டிஃபரன்ஷியல் எதற்கு?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 90 டிகிரி திரும்பி முடிப்பதற்குள் இரண்டும் ஓடிய தூரத்தின் வித்தியாசம் 1.5 × 3.14 ÷ 2, அதாவது சுமார் 2.36 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதைச் சமாளிக்கத்தான் கிரவுன் வீலோடு சேர்ந்த கூட்டுக்குள் ஸ்டார் பினியன்களும் சன் கியர்களும் இருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சம அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் கெட்டித் தரையில் 1000 நியூட்டன் மீட்டர் தாங்கும், மற்றது சேற்றில் 100 தான் தாங்கும் என்றால், கெட்டித் தரைச் சக்கரத்துக்கும் 100 தான் போகும். மொத்தம் 200. சேற்றுச் சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. லாக் போட்டால் நாய்ப்பல் கிளட்ச் ஒரு பக்க சன் கியரைக் கூட்டோடு இணைத்துவிடும். இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் மாட்டியது போல ஆகிவிடும். இப்போது மொத்தம் 1100 வரை கிடைக்கும். ஐந்தரை மடங்கு!

ஃபோர் வீல் டிரைவில் நான்கும் இழுக்கும் என்று நினைக்கிறோம். அது உண்மையல்ல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் பிடிப்பு இழந்தால் போதும், வண்டி நின்றுவிடும். மேடு பள்ளத்தில் குறுக்காக ஏறும்போது எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்குமே, அதுதான் இது.

பின்னால் போட்டால்

2400 மில்லிமீட்டர் வீல் பேஸ் உள்ள ஜீப். புவிஈர்ப்பு மையம் நடுவில், தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் உயரத்தில். சமதளத்தில் எடை 50:50. இதே வண்டி 30 டிகிரி ஏற்றத்தில் நின்றால், சக்கரங்கள் தரையை அழுத்துவதில் முன்னால் சுமார் 33 பங்கு, பின்னால் சுமார் 67 பங்கு. ஆக, லாக் அதிகம் தேவைப்படும் ஏற்றத்தில், பிடிப்பு இருப்பது பின்னால்தான். பூட்டையும் அங்கே போடுவதுதானே நியாயம்? இன்னொரு நன்மை, பின் சக்கரம் ஸ்டியரிங்கோடு திரும்புவதில்லை. முன் டிஃபரன்ஷியல் பூட்டாமல் இருப்பதால் ஸ்டியரிங் ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும்.

குறையும் உண்டு. வளைவில் பின்பக்கம் வண்டியை நேராகவே தள்ளும். பக்கவாட்டுச் சரிவில் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வால் பக்கம் கீழே இறங்கிவிடும். லாக் இல்லாவிட்டால் ஒரு சக்கரம் சுத்தினாலும் மற்றது ஊன்றி நிற்கும்.

முன்னால் போட்டால்

பாறைப் படிக்கட்டில் முன் சக்கரம் முட்டி நிற்கும்போது, முன் லாக் இருந்தால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு ஏறும். ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறினால் எடை முன் ஆக்சில் மேல் விழும், அப்போதும் முன் லாக் பலன் தரும். தானாகப் பூட்டிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் லாக்கர் என்றால் இன்னொரு சௌகரியம்: முன் ஹப்பை விடுவித்துவிட்டு டூ வீல் டிரைவில் ரோட்டில் போகும்போது அது இருப்பதே தெரியாது. அதே லாக்கர் பின்னால் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் 'டக் டக்' என்று சத்தம் போடும்.

ஆனால் விலை பெரிது. ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், வண்டி நேராகப் போகவே பார்க்கும். முக்கியமாக, முன் சக்கரத்தைத் திருப்பிச் சுழற்றுவது சி.வி. ஜாயின்ட். முழுக்கத் திருப்பிய நிலையில்தான் அது மிகப் பலவீனமாக இருக்கும். லாக் இல்லாதபோது ஒரு ஷாஃப்டுக்குப் பாதி முறுக்கு விசைதான் வரும். லாக் போட்டால், பிடிப்புள்ள ஒரே ஷாஃப்டில் ஆக்சிலின் முழு விசையும் விழலாம். ஆக்சில் 'கட்' ஆவது அப்போதுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா டிராக்டர் டிரைவர். டிராக்டரிலும் பின் ஆக்சிலுக்கு மட்டும் லாக் உண்டு, காலால் மிதிக்கும் பெடல். 2022-இல் அறுவடை நேரம், வயலிலிருந்து லோடு டிரெய்லரோடு வரும்போது ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. அப்பா லாக்கை மிதித்து வெளியே எடுத்தார். காலை எடுத்துவிட்டு ரோட்டில் திருப்பினார். ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தது. "டிரைவர் தப்பு" என்று உரிமையாளர் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அம்மா கடன் வாங்கித்தான் என்னை இங்கே சேர்த்தார்.

இரண்டாம் ஆண்டில் இந்தப் பாடம் நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெடலை விட்டாலும் பற்களின் மேல் பாரம் இருந்தால் லாக் கழலாது. ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அன்று லாக் போட்டபடியே கெட்டித் தரையில் திரும்பியிருக்கிறது. அந்த 2.36 மீட்டர் வித்தியாசத்துக்குப் போக வழியில்லை, ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைந்தது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் படம் போட்டுச் சொன்னேன். அவர் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "காலை எடுத்தா விட்டுடும்னுதானே நெனச்சேன். ஸ்பிரிங் லூசா இருக்குன்னு அப்பவே சொன்னேன்டா" என்றார். மூன்று வருஷமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிடித்த பணம் திரும்ப வரப் போவதில்லை. ஆனாலும் அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஆக, முடிவு என்ன?

ஒன்றுதான் போட முடியும் என்றால் பின்னால் போடுங்கள். 2020-இல் வந்த மகிந்திரா தார் வண்டியிலும், லாக் உள்ள மாடல்களில் அது பின் ஆக்சிலில்தான். பாறையே வேலை என்றால் இரண்டும் வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவிலும், 2003 மாடல் ஜீப் ராங்லர் ரூபிகானிலும் முன், பின் இரண்டும் உண்டு. பழக்கத்தில் வைக்க வேண்டியவை:

1. சக்கரம் சுத்திக்கொண்டிருக்கும்போது லாக் போடாதீர்கள். நிறுத்தி, அல்லது ஊர்ந்து போகும்போது போடுங்கள்.
2. முதலில் பின் லாக். போதாவிட்டால் மட்டும் முன் லாக். எடுக்கும்போது முன் லாக்கை முதலில் எடுங்கள்.
3. முன் லாக் போட்டபின் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள்.
4. லாக்கை எடுத்ததும் சிறிது தூரம் நேராக ஓட்டி, பாரம் குறைந்து அது கழன்றுவிட்டதா என்று பார்த்த பிறகே கெட்டித் தரையில் திரும்புங்கள்.

நாலாவது விதி எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதச் சம்பளம். உங்களுக்கு இலவசம், நண்பர்களே!