இலைக்குள் ஒரு போர்

நுழையும்முன்

நாம் பருகும் காப்பிக்குப் பின்னே, செடிக்கும் பூஞ்சைக்கும் இடையே ஓயாத போராட்டம் நிகழ்கிறது. அதன் இயல்பையும் வரலாற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒட்டன்சத்திரம் என்றதும் காய்கறிச் சந்தையே நினைவுக்கு வரும். அங்கிருந்து வடகாடு வழியாக மலையேறினால் பாச்சலூர், தாண்டிக்குடிப் பகுதிகளின் காப்பித் தோட்டங்களைக் காணலாம். நிழல்மரங்களின் அடியில் காப்பியும் மிளகும் மலைவாழையும் ஒருங்கே வளரும் நிலம் அது. அங்கே காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டால் உழவரின் முகம் வாடிவிடும். அது இலைத்துரு நோயின் அடையாளம்.

பகை நுழையும் வழி

இந்நோயை உண்டாக்குவது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை. ஆரஞ்சுப் பொடியின் ஒவ்வொரு துகளும் அதன் நுண்வித்து ஆகும். காற்றாலும் மழைத்துளியாலும் பரவும் நுண்வித்து, இலையின் ஈரத்தில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைகிறது. பின்னர் உயிருள்ள செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உணவைக் கவர்கிறது.

செடியும் வாளா இருப்பதில்லை. பகையை அடையாளம் கண்டதும், தாக்குண்ட செல்கள் தாமே மடிகின்றன. உயிருள்ள திசுவில் மட்டுமே வாழவல்ல துருப்பூஞ்சை அங்கே உணவின்றி ஒடுங்குகிறது. ஆனால், பூஞ்சையோ சில புரதங்களைச் சுரந்து செடியின் எதிர்ப்பை அடக்க முயல்கிறது. அப்புரதங்களை இனங்காணும் செடி தப்புகிறது. புரதம் மாறிவிட்டால் செடி ஏமாறுகிறது.

வரலாறு தரும் பாடம்

இந்நோயின் வலிமையை உலகுக்கு உணர்த்திய நாடு இலங்கை. அங்கு 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு, இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலையே வீழ்த்தியது. தமிழகத்திலிருந்து கடல்கடந்து சென்று உழைத்தோரின் பிழைப்பும் நிலைகுலைந்தது. காப்பி நின்ற மலைகளில் தேயிலை வேரூன்றியது. 1880இல் அங்குச் சென்று ஆராய்ந்த மார்ஷல் வார்டு, ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதே நோய் பெருகக் காரணம் என்பதைச் சுட்டினார்.

மைசூர்ப் பகுதியில் 1911இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘கெண்ட்’ வகை, தொடக்கத்தில் நோயைத் தாங்கியது. அதனையும் வெல்லும் பூஞ்சை இனம் பின்னர்த் தோன்றியது. எனவே புதிய வகைகளைத் தேடும் பணி இன்றும் தொடர்கிறது. காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இயங்குகிறது.

எந்த ஒரு வகையும் என்றென்றைக்கும் காவலாக அமைவதில்லை. மழைக்கு முன் இலையின் அடிப்புறம் நனையப் போர்டோ கலவை தெளித்தல், கவாத்து செய்து காற்றோட்டம் அளித்தல், பலவகைப் பயிர்களைச் சேர்த்து வளர்த்தல் ஆகியவற்றோடு உழவரின் விழிப்பும் இணையும்போதே தோட்டம் காக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர் உழவர் ஒருவரைச் சந்தித்து, பயிரைத் தாக்கும் பூஞ்சை நோய்களையும் அவற்றைத் தடுக்கும் முறைகளையும் கேட்டறிந்து தொகுக்க.